மலைக்கு ஒரு சட்டம் கேட்ட போதகர்

அரசமைப்பை எழுதிய கைகள் – பகுதி 14

சென்ற இதழில் ஜெரோம் டிசோசா அடிகளாரைப் பார்த்தோம். சென்னை லயோலா கல்லூரியின் முதல்வராக இருந்துகொண்டே சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குச் சென்றவர். ஐ.நா. சபைக்குப் போன இந்தியக் குழுக்களில் இடம்பெற்றவர். 1951-ல் புனேயில் சமூகப் பணிக்கென்றே ஒரு நிறுவனத்தைத் தொடங்கியவர். அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினர் பட்டியலில் 'ரெவரெண்ட்' என்ற அடைமொழியோடு இன்னொருவரும் இருக்கிறார்: ஜே.ஜே.எம். நிக்கல்ஸ் ராய். இன்றைய மேகாலயாவின் காஸி மலைகளிலிருந்து வந்த சபைப் போதகர்.

மாரண்டஹள்ளியில் உட்கார்ந்து எழுதும் எனக்கு இவர் மிக நெருக்கமானவராகத் தெரிகிறார். விளைந்ததற்கு விலை கிடைக்காத விவசாயி, பிறந்த காட்டிலேயே அயலாராக நடத்தப்படும் மலைவாசி என்ற இரண்டு பேருக்காகவும் தன் ஊரில் ஆயுள் முழுக்க உழைத்தவர் அவர். அந்த இரண்டு பேரும் எங்கள் தருமபுரி மாவட்டத்திலும் இருக்கிறார்கள்.

ஷெல்லாவில் ஒரு சிறுவன்

ஜேம்ஸ் ஜாய் மோகன் ராய் 1884 ஜூன் 12-ல் ஷெல்லா என்ற ஊரில் பிறந்தார். காஸி மலைகளின் தெற்குச் சரிவு, வங்காளத்தின் சில்ஹெட் சமவெளியைத் தொடும் இடத்தில் இருக்கிறது ஷெல்லா. சற்று மேலே, மழைக்குப் பெயர்போன சிரபுஞ்சி. ஆரஞ்சு, வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்புக்கல் ஆகியவைதான் அந்தச் சரிவின் செல்வம். எல்லாம் கீழே இறங்கி சில்ஹெட் சந்தைகளுக்குப் போகும். அரிசியும் உப்பும் மீனும் மேலே ஏறி வரும்.

காஸி சமூகம் தாய்வழிச் சமூகம். பிள்ளைகள் தாயின் குலப்பெயரைப் பெறுவார்கள். குடும்பத்தின் பூர்விகச் சொத்து கடைசி மகளுக்குப் போகும். ஊர்க் காரியங்களைத் தர்பார் என்ற ஊர்ச்சபை கூடி முடிவு செய்யும். சியெம் எனப்படும் தலைவர்களும் அந்தச் சபைக்குக் கட்டுப்பட்டவர்கள்தான். இந்த வாழ்க்கை முறையைப் பிற்காலத்தில் டெல்லியில் எடுத்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு ராயின் மேல் விழுந்தது.

1841-ல் வேல்ஸ் நாட்டு மிஷனரி தாமஸ் ஜோன்ஸ் சிரபுஞ்சிக்கு வந்து, காஸி மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் முறையை உருவாக்கினார். அதன் பிறகு மலைகளில் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. ராய் படித்ததும் அப்படி வந்த பள்ளிப் படிப்புதான். 1897 ஜூன் 12-ல் அசாமைப் பெருநிலநடுக்கம் புரட்டிப் போட்டது. ஷில்லாங்கில் கல்லால் கட்டிய கட்டடங்கள் தரைமட்டமாயின. தெற்குச் சரிவில் மலைகளே பெயர்ந்து விழுந்தன. ராய் அப்போது 13 வயதுச் சிறுவன். அதற்கடுத்த ஆண்டுகளில் அவர் கிறிஸ்தவரானார். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பி.ஏ. பட்டம் பெற்றார். அரசு உத்தியோகத்துக்கு நேர்வழியாக இருந்த அந்தப் பட்டத்தோடு ஷில்லாங்குக்குத் திரும்பிச் சபை ஊழியத்தில் இறங்கினார். சர்ச் ஆஃப் காட் என்ற திருச்சபை அந்த மலைகளில் வேரூன்றியதற்கு அவரே முதன்மையான காரணம்.

அமெரிக்கா சென்றபோது ஈவலின் நிக்கல்ஸ் என்ற பெண்மணியை மணந்தார். மனைவியின் குடும்பப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு 'நிக்கல்ஸ் ராய்' ஆனார். தாய்வழிச் சமூகத்தில் வளர்ந்தவருக்கு அதில் கூச்சம் எதுவும் இருந்திருக்காது.

ஆரஞ்சும் ஆலயமும்

தக்காளி விலை விழுந்தால் என்ன நடக்கும் என்று பாலக்கோடு, மாரண்டஹள்ளிப் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று செடியிலேயே விட்டுவிடுவார்கள். பறித்ததைச் சாலையோரத்தில் கொட்டிவிட்டுப் போவார்கள். காஸி மலைகளில் ஆரஞ்சுக்கும் அன்னாசிக்கும் இதே கதிதான். விளைச்சல் கொட்டும் மாதங்களில் சந்தைக்கு வருகிற பழம் முழுவதையும் வாங்க ஆளிருக்காது. வைத்திருந்தால் அழுகும். வியாபாரி சொன்னதே விலை.

நிக்கல்ஸ் ராய் இதற்குப் பிரசங்கத்தில் ஆறுதல் தேடவில்லை. யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி என்ற பெயரில் பழங்களைப் பதப்படுத்தும் தொழிலைத் தொடங்கினார். பழம் ஜாமாகவும் சாறாகவும் மாறினால் மாதக்கணக்கில் தாங்கும். தொலைவில் இருக்கும் நகரத்துக்கும் போகும். விற்கிறவனுக்கு நாளை வரை காத்திருக்கும் வலிமை வந்துவிட்டால், வாங்குகிறவன் இன்றைக்கே அடிமாட்டு விலைக்குக் கேட்க முடியாது. பழ விவசாயத்தின் பொருளாதாரம் அன்றும் இன்றும் இந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது. பக்கத்துக் கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகள் வந்ததும் இதே கணக்கில்தான். அந்தக் கணக்கை நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு போதகர், ரயில் பாதைகூட ஏறாத ஒரு மலையில் போட்டுப் பார்த்தார்.

அவருடைய அரசியல் இந்த வேலையிலிருந்துதான் முளைத்தது. பழத்துக்கு விலை வேண்டுமென்றால் சாலை வேண்டும். சாலை வேண்டுமென்றால் நிதி ஒதுக்கும் இடத்தில் குரல் வேண்டும். 1919-ஆம் ஆண்டுச் சட்டம் மாகாண சபைகளுக்கான தேர்தலை விரிவாக்கியபோது, 1921-ல் அசாம் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். அபினுக்கும் மதுவுக்கும் எதிராக அங்கே விடாமல் பேசினார். 1920-களின் பிற்பகுதியில் உள்ளாட்சித் துறை அமைச்சரானார். 1937-ல் சாதுல்லா அமைச்சரவையிலும், 1946-ல் கோபிநாத் போர்தொலாயின் காங்கிரஸ் அமைச்சரவையிலும் இருந்தார். அமைச்சராக இருந்த காலத்திலும் சபை ஊழியத்தை அவர் கைவிடவில்லை.

கோடு போட்டுப் பிரித்த மலைகள்

ஆங்கில ஆட்சி மலைப்பகுதிகளைத் தனியாக வைத்திருந்தது. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் அவற்றை 'விலக்கப்பட்ட பகுதிகள்', 'பாதி விலக்கப்பட்ட பகுதிகள்' என்று இரண்டாகப் பிரித்தது. நாகா, லுஷாய் மலைகள் முதல் வகை. காரோ மலைகளும் காஸி மலைகளின் பிரிட்டிஷ் பகுதியும் இரண்டாம் வகை. அங்கே ஆளுநரின் சொல்லே சட்டம். வெளியார் நிலத்தைப் பறித்துவிடாமல் இது ஓரளவு காத்தது உண்மை. ஆனால் மலை மக்களுக்குத் தங்களைத் தாங்களே ஆளும் உரிமையை அது தரவில்லை.

1946-ல் கேபினட் மிஷன் அசாமை வங்காளத்தோடு ஒரே தொகுதியாக இணைக்கத் திட்டம் போட்டது. நிக்கல்ஸ் ராய் அதை எதிர்த்து நின்றார். அந்த ஆண்டு டிசம்பரில் கூடிய அரசியல் நிர்ணய சபையிலும் அந்த எதிர்ப்பைப் பதிவு செய்தார். மறுவருடம் திட்டம் கைவிடப்பட்டு, பிரிவினை வந்தது. 1947 ஜூலையில் நடந்த பொதுவாக்கெடுப்பில் சில்ஹெட்டின் பெரும்பகுதி கிழக்கு பாகிஸ்தானோடு போனது. ஷெல்லாவின் ஆரஞ்சுக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கும் காலம் காலமாக இருந்த சந்தை ஒரே கோட்டில் அந்நிய நாடாகிவிட்டது. அவர் பிறந்த சரிவின் வாழ்வாதாரமே நொறுங்கியது.

அந்த நெருக்கடியான மாதங்களில்தான் வடகிழக்கு மலைகளின் எதிர்காலத்தை வகுக்க ஒரு துணைக்குழு அமைந்தது. தலைவர் போர்தொலாய். நிக்கல்ஸ் ராய், ரூப்நாத் பிரம்மா, தக்கர் பாபா ஆகியோர் உறுப்பினர்கள். நாகா மலைகளிலிருந்து முதலில் மாயாங் நோக்சாவும் பிறகு அலிபா இம்தியும் இடம்பெற்றார்கள். குழு மலை மலையாகப் போனது. லுஷாய் மலைக்கும் கோஹிமாவுக்கும் சென்று அந்தந்த மக்களிடமே கேட்டது. 1947 ஜூலை 28-ல் அறிக்கை தயாரானது. அந்த அறிக்கையின் சாரம்தான் அரசமைப்பின் ஆறாவது அட்டவணை.

1949 செப்டம்பர்: ஒரு விவாதம்

அட்டவணை 1949 செப்டம்பர் 5-ல் சபைக்கு வந்தது. மூன்று நாள் கடுமையான விவாதம். எதிர்ப்பு அசாமுக்குள்ளிருந்தும் வந்தது. குலாதர் சாலிகா, இது மலைகளைத் தனித்தனி நாடுகளாகத் துண்டாக்கிவிடும் என்றார். 1920-களில் அசாம் காங்கிரசின் அபின் விசாரணைக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் அவர். அபினை எதிர்ப்பதில் நிக்கல்ஸ் ராயோடு ஒரே கரையில் நின்றவர் இங்கே எதிர்க்கரையில் நின்றார். மலையையும் சமவெளியையும் பிரித்து வைத்த ஆங்கிலேயர் வேலையை நாமும் தொடர்வதா என்று ரோகிணி குமார் சவுத்ரி கேட்டார். மலைப்பகுதிகளை மத்திய அரசே நேரடியாக ஆள வேண்டும் என்றார் பிரஜேஷ்வர் பிரசாத்.

எல்லையில் புதிய பாகிஸ்தான், அதற்கப்பால் பர்மா, அந்த வருடமே கம்யூனிஸ்ட்டுகள் கையில் விழுந்துகொண்டிருந்த சீனா. அந்த அச்சங்களை நாம் எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. அவர்களும் நாட்டை நேசித்தவர்கள்தான்.

நிக்கல்ஸ் ராய் எழுந்து பேசியதில் கெஞ்சல் இல்லை. மலை மக்களை முன்னேறாதவர்கள் என்று சொல்வதையே அவர் ஏற்க மறுத்தார். எங்களிடம் மேல்சாதி கீழ்சாதி கிடையாது. தலைவரும் கூலியாளும் ஒரே வயலில் வேலை செய்கிறார்கள், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அந்தச் சமத்துவ நிலைக்கு நாட்டின் மற்ற பகுதிகள் இன்னும் வந்து சேரவில்லையே என்ற கருத்தில் பேசினார். ஒற்றுமை கட்டாயத்தால் வளராது. தன் நிலமும் வழக்கமும் பத்திரமாக இருக்கிறது என்று ஒருவன் நம்பும்போதுதான் வளரும் என்பது அவருடைய வாதத்தின் அடிநாதம். தீண்டாமை ஒழிப்பைச் சட்டமாக எழுதிக்கொண்டிருந்த ஒரு சபையில், சாதியில்லாத ஒரு சமூகம் ஏற்கெனவே உங்கள் நாட்டுக்குள் இருக்கிறது, அதைக் கெடுக்காமல் விட்டாலே போதும் என்று ஒருவர் சொன்ன தருணம் அது. அந்த விவாதத்தில் என்னை மிகவும் உலுக்கிய இடமும் அதுதான்.

அம்பேத்கர் அட்டவணையைத் தாங்கிப் பேசினார். ஜெய்பால் சிங்கும் ஆதரித்தார். அட்டவணை நிறைவேறியது.

அட்டவணை தந்தது என்ன?

ஐக்கிய காஸி-ஜெயின்டியா, காரோ, லுஷாய், நாகா, வடக்கு கச்சார், மிகிர் ஆகிய ஆறு மலை மாவட்டங்களுக்குத் தன்னாட்சி மாவட்ட மன்றங்கள். ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 24 உறுப்பினர்கள். நான்கில் மூன்று பங்குப் பேரை மக்களே வயதுவந்தோர் வாக்குரிமையில் தேர்ந்தெடுப்பார்கள். நிலத்தை ஒதுக்குவது, காப்புக்காடு அல்லாத காடுகளை நிர்வகிப்பது, மலைச்சாகுபடியை ஒழுங்குபடுத்துவது, வாரிசுரிமை, திருமணம், ஊர்த்தலைவர் நியமனம் ஆகியவற்றில் இந்த மன்றங்களே சட்டம் இயற்றலாம். ஊர் நீதிமன்றம் வைக்கலாம். நிலவரி வசூலிக்கலாம். தொடக்கப்பள்ளி, மருந்தகம், சந்தை, சாலை நடத்தலாம். கனிம உரிமத் தொகையில் பங்கு பெறலாம்.

பழ வியாபாரத்தில் அடிபட்ட ஒரு மலைக்காரரின் அனுபவம் இதில் பத்தாவது பத்தியில் தெரிகிறது. பழங்குடியல்லாதவர்கள் மலைக்குள் வட்டிக்குக் கொடுப்பதையும் வியாபாரம் செய்வதையும் மன்றம் ஒழுங்குபடுத்தலாம் என்கிறது அது. உரிமம் இல்லாமல் கடை விரிக்கக் கூடாது. கணக்கு எழுதி வைக்க வேண்டும். காட்டுக்குள் முதலில் நுழைவது கடன் நோட்டுதான், துப்பாக்கி பிறகுதான் வரும் என்பது மலைவாசிகளோடு பழகிய எவருக்கும் தெரியும்.

இரு பக்கமும் வந்த எதிர்ப்பு

அவரை எல்லாரும் கொண்டாடவில்லை. காஸி நாட்டின் சியெம்கள் பலருக்கு, தங்கள் அதிகாரத்தை மாவட்ட மன்றம் விழுங்குகிறது என்ற கோபம். நாகா தேசிய மன்றம் அட்டவணையை முற்றாக நிராகரித்து 1952 தேர்தலைப் புறக்கணித்தது. சமவெளி அரசியல்வாதிகள் அவரைப் பிரிவினைக்காரர் என்று சந்தேகித்தார்கள். மலையில் சிலர் அவரை அசாம் காங்கிரசின் ஆள் என்றார்கள். இரண்டு பக்கமும் அடி வாங்கியும், சட்டத்துக்குள் நின்று கிடைப்பதை வாங்கி அதை மேலும் விரிப்பது என்ற வழியை அவர் விடவில்லை. 1952-ல் அசாம் சட்டமன்றத்துக்கு மீண்டும் தேர்வானார். 1959 நவம்பர் 1-ல் காலமானார்.

அடுத்த வருடமே அசாமில் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அசாமிய மொழியைத் தங்கள் மேல் திணிக்கிறார்கள் என்று மலைகள் கொந்தளித்தன. அனைத்துக் கட்சி மலைத் தலைவர்கள் மாநாடு பிறந்தது. அதன் முன்னணித் தலைவர்களில் ஒருவர் நிக்கல்ஸ் ராயின் மகன் ஸ்டான்லி. மொழிக்காகத் தமிழ்நாடு தெருவில் நின்ற அதே பத்தாண்டில் அந்த மலைகளும் மொழிக்காக நின்றன. 1970 ஏப்ரல் 2-ல் மேகாலயா அசாமுக்குள் ஒரு தன்னாட்சி மாநிலமானது. 1972 ஜனவரி 21-ல் முழு மாநிலமானது. உயிர்ச்சேதம் நிறைந்த ஒரு கிளர்ச்சி இல்லாமல் அந்த மாநிலம் பிறந்ததில், முந்தைய இருபது ஆண்டுகள் மாவட்ட மன்றங்களில் மக்கள் ஆட்சி நடத்திப் பழகியதற்குப் பெரிய பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

அட்டவணை எல்லா நோய்க்கும் மருந்தாகிவிடவும் இல்லை. மன்றங்கள் நிதிக்கு மாநில அரசின் கையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பொது நிலங்கள் சில பணக்காரக் குடும்பங்களின் கைக்குப் போயின. எலிவளைச் சுரங்கங்களில் நிலக்கரி தோண்டி ஆறுகள் பாழாக, 2014-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட வேண்டி வந்தது. ஆனாலும் அதிகாரம் மலைக்குள்ளேயே இருப்பதால், தவறு செய்தவரைக் கேள்வி கேட்கும் உரிமையும் மலைக்குள்ளேயே இருக்கிறது. சட்டத்தால் அவ்வளவுதான் செய்ய முடியும்.

நம் மலைகளுக்கு ஏன் இல்லை?

மாரண்டஹள்ளிக்கு மேலே பஞ்சப்பள்ளி அணை. அதற்கு நீர் கொண்டுவரும் சின்னாறு தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலைகளிலிருந்து இறங்குகிறது. அந்தக் காடுகளில் இருளர் குடிகள். மாவட்டத்தின் கிழக்கே சித்தேரி மலையில் மலையாளி மக்கள். தருமபுரி மாவட்டத்தில் நூற்றுக்கு நான்கு பேர் பழங்குடியினர். இவர்களுக்கு அரசமைப்பின் எந்த அட்டவணை காப்பு?

ஆறாவது அட்டவணை அசாம், மேகாலயா, திரிபுரா, மிசோரம் மாநிலங்களுக்கு மட்டுமே உரியது. ஐந்தாவது அட்டவணை பத்து மாநிலங்களில் 'பட்டியல் பகுதிகளை' உருவாக்கியிருக்கிறது. அந்தப் பத்தில் தமிழ்நாடு இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி 7,94,697 பழங்குடியினர் வாழும் மாநிலத்தில் ஒரு சதுர அடி நிலம்கூடப் பட்டியல் பகுதி கிடையாது. பழங்குடியினர் ஆலோசனைக் குழு ஒன்று உண்டு; ஆலோசனை சொல்வதோடு அதன் வேலை முடிகிறது.

காரணம் 1935-லேயே தொடங்குகிறது. சென்னை மாகாணத்தில் 'பாதி விலக்கப்பட்ட பகுதி' என்று குறிக்கப்பட்டவை கிழக்கு கோதாவரி, விசாகப்பட்டினம் ஏஜென்சி மலைகள். சேர்வராயன், கல்வராயன், சித்தேரி, தேன்கனிக்கோட்டை எதுவும் அந்தப் பட்டியலில் ஏறவில்லை. சுதந்திர இந்தியா பெரும்பாலும் அந்தப் பழைய பட்டியலின் மேலேயே கட்டியது. 1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது ஏஜென்சி மலைகள் அங்கே போய்விட்டன. தமிழ்நாட்டின் பங்குக்கு எதுவும் மிஞ்சவில்லை.

இன்னொரு காரணம் 1949 விவாதத்திலேயே இருக்கிறது. அசாம் மலை மக்களுக்குத் தனி அட்டவணை ஏன் என்பதற்கு அம்பேத்கர் தந்த விளக்கம் இது: மற்ற மாகாணங்களின் பழங்குடியினர் சுற்றியுள்ள பெரும்பான்மைப் பண்பாட்டோடு ஏறத்தாழக் கலந்துவிட்டார்கள், அசாம் மலைகளில் மட்டும் வாரிசுரிமையும் மணமுறையும் வேறாக வேரூன்றி நிற்கின்றன. தமிழ் பேசி, மாரியம்மனைக் கும்பிடும் சித்தேரி மலையாளியை யாரும் தனி மக்களாகப் பார்க்கவில்லை. அவருக்கும் நிலம் உண்டு, காடு உண்டு, ஊர்க்கவுண்டர் முறை உண்டு என்று எடுத்துச் சொல்ல, காஸி மலைக்கு ஒரு நிக்கல்ஸ் ராய் இருந்ததுபோல் இங்கே ஒருவர் இல்லை.

அந்த இன்மைக்கு இந்த மாவட்டம் கொடுத்த விலை என்னவென்று நமக்குத் தெரியும். 1992 ஜூன் 20. சித்தேரி அடிவாரத்து வாச்சாத்தி. சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் கிராமத்துக்குள் இறங்கினார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். 269 அரசு ஊழியர்கள் மேல் வழக்கு. தீர்ப்பு வர 19 ஆண்டுகள். அதற்குள் அவர்களில் 54 பேர் இறந்துபோனார்கள். 2011 செப்டம்பர் 29-ல் மீதி 215 பேருமே குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-ல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த மக்களும் அவர்களோடு நின்ற தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் தளராமல் போராடியதால் கிடைத்த நீதி அது. காட்டின் மேல் கிராமத்துக்கு ஒரு சட்டபூர்வமான அதிகாரம் இருந்திருந்தால், அன்றைக்கு வந்தவர்கள் முதலில் ஊர்ச்சபையின் முன்னால் நின்றிருக்க வேண்டும்.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அந்த வாசலைக் கொஞ்சம் திறந்திருக்கிறது. யாருக்கு எந்த நிலத்தில், எந்தக் காட்டில் உரிமை என்று கோரிக்கையை முதலில் பரிசீலிக்கும் அதிகாரம் கிராம சபைக்கு. தனிப் பட்டாவோடு ஊர் முழுவதற்குமான சமூக வன உரிமையையும் கேட்கலாம். புளி, கடுக்காய், தேன் சேகரித்து விற்கும் உரிமையும் அதில் அடக்கம். ஆறாவது அட்டவணையோடு ஒப்பிட்டால் இது சிறியது. ஆனால் இது தருமபுரி மலைகளுக்கும் பொருந்தும் சட்டம். சித்தேரியிலும் தேன்கனிக்கோட்டை மலைகளிலும் ஒவ்வொரு குக்கிராமமும் சபை கூட்டி, வரைபடம் போட்டு, சமூக உரிமை கேட்டு மனுக் கொடுக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த நாம் அதற்குத் துணையாக நிற்க வேண்டும். ஊருக்குள் வேலை செய்து, ஊரின் தேவையைச் சட்டத்தின் மொழிக்கு மாற்றி, அதிகாரம் இருக்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்தார் ஒரு போதகர். அவர் வாழ்க்கையிலிருந்து தருமபுரி எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வேலைமுறையைத்தான்.

அடுத்த இதழில்: ஐந்தாவது அட்டவணைக்காகச் சபையில் தனிக்குரலாக ஒலித்த ஜெய்பால் சிங். ஒலிம்பிக் தங்கம் வென்ற ஹாக்கி அணியின் தலைவர் சோட்டா நாக்பூர் காடுகளின் பிரதிநிதியான கதை.

(தொடரும்)